குறை நாக்கில் இல்லை, நோட்டில் இருக்கிறது

சென்னையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கும் 29 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர். நர்சிங் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளாகப் பணியில் இருக்கிறார். இங்கிலாந்தில் வேலைக்குச் செல்வதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வை எழுதினார். கேட்டல், படித்தல், எழுதுதல் மூன்றிலும் தேறிவிட்டார். பேசும் பிரிவில் 320 மதிப்பெண்தான் கிடைத்தது. பி கிரேடுக்கு 350 வேண்டும்.

ஓர் ஒலி மட்டும் மாறும் ஆங்கிலச் சொல் ஜோடிகளைத் தினமும் சொல்லிப் பழகும்படி ஒரு பயிற்சி மையத்தில் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். 35,000 ரூபாய் கட்டியாயிற்று. இரவுப் பணி இல்லாத நாள்களில், ஆறு வயது மகன் தூங்கிய பிறகு, கண்ணாடி முன் நின்று இரண்டு மணி நேரம் சொல்லிப் பார்க்கிறார். மூன்று மாதமாகியும் முன்னேற்றம் இல்லை. "நாக்கு தடிமன், அடிநாக்கை லேசரில் வெட்டினால் சரியாகும்" என்று ஒரு கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். மாமியார் நாக்கில் வசம்பு தடவச் சொல்கிறார். "இதெல்லாம் கான்வென்ட்டில் படித்தவர்களுக்கு வருவது" என்கிறார் கணவர். போன மாதம் வார்டிலிருந்து வெளிமாநில டாக்டர் ஒருவரிடம் போனில் இவர் 15 யூனிட் இன்சுலின் என்று சொன்னது, மறுமுனையில் 50 என்று விழுந்திருக்கிறது. டாக்டர் திரும்பக் கேட்டதால் தவறு நடக்கவில்லை. "அன்றிலிருந்து போனை எடுக்கவே பயமாக இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா, தேர்வை மறுபடி எழுதலாமா, இந்த ஆசையையே விட்டுவிடலாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைவிட, அதனுடன் வைத்திருந்த நோட்டுப் பக்கத்தின் நகல்தான் எனக்கு அதிகம் சொன்னது. இடப்பக்க வரிசையில் 'பில்', வலப்பக்க வரிசையில் 'பில்'. ஒன்று மாத்திரை, மற்றது பணம் கட்டும் ரசீது. அடுத்த வரியில் 'பேக்', 'பேக்'; முதுகும் பையும். அதன் கீழ் 'ஐஸ்', 'ஐஸ்', பனிக்கட்டியும் கண்களும். ஆங்கில எழுத்தில் இருந்த பட்டியலை, வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எழுதிய அந்த நொடியிலேயே வேறுபாடு காணாமல் போய்விட்டது. மூன்று மாதமாகத் தூக்கத்தை விட்டு, ஒரே சொல்லை இரண்டு முறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பட்டியலைக் கையில் கொடுத்தவர்கள் ஒரு நாள்கூட உங்கள் நோட்டை வாங்கிப் பார்க்கவில்லையே!

இந்தப் பதிலும் தமிழ் எழுத்தில்தான் அச்சாகிறது என்பதால், ஒவ்வொரு சொல்லையும் அதன் பொருளைச் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

நாக்கை வெட்ட வேண்டியதில்லை

அடிநாக்கை வாயின் தரையோடு பிணைக்கும் சவ்வு சிலருக்குப் பிறவியிலேயே குட்டையாக இருக்கும். கைக்குழந்தை பால் குடிக்க முடியாமல் தவித்தால் அதைக் கவனிக்க வேண்டும். சில பிள்ளைகளுக்குப் பேச்சிலும் தடை வரலாம். உங்களுக்கு அப்படி இருந்திருந்தால் அது முதலில் தமிழில் தெரிந்திருக்கும். வாயைத் திறந்தபடி நாக்கு நுனியால் மேல்பல்லின் பின்பக்கத்தைத் தொட முடிகிறதா? மேலுதட்டை நக்க முடிகிறதா? 'வாழைப்பழம்', 'கிழவி', 'தொழுவம்' தடையில்லாமல் வருகின்றனவா? ஊரில் பள்ளி ஆண்டு விழாவில் நீங்கள் செய்யுள் ஒப்பித்துப் பரிசு வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ழகரத்துக்கு மடங்கி எழும் நாக்குக்கு லேசர் எதற்கு?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்களை அதிகம் படுத்தும் மாத்திரை, ரசீது ஜோடியில் மாறுவது முதல் ஒலி மட்டும்தான். அந்த முதல் ஒலியை இரண்டிலும் உதடுகள்தாம் உண்டாக்குகின்றன. நாக்குக்கு அதில் வேலையே இல்லை. அதைச் சரிசெய்ய நாக்கை வெட்டுவது, முழங்கால் வலிக்குக் கண்ணில் மருந்து விடுவது போன்றது.

வசம்பைப் பற்றி உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பேச்சு வர வேண்டும் என்று குழந்தை நாக்கில் அதைத் தடவிய தலைமுறை அவர்களுடையது, அக்கறையில் சொல்கிறார். ஆனால் அது ஒலியை மாற்றாது. வேண்டாம்.

சத்தமான வார்டில் தமிழில் பேசினாலும் "என்ன, என்ன?" என்று அடிக்கடி கேட்கிறீர்கள் என்றால் மட்டும் ஒரு செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் மட்டும்தான் குழப்பம் என்றால் காதும் நன்றாகவே இருக்கிறது.

பம்பரமும் பஸ் பாஸும்

தமிழ்வழியில் படித்ததால் வந்த வினையா என்ற உங்கள் கேள்வியைப் படிக்கும்போது அதற்குள் இருக்கும் வலி தெரிகிறது. இல்லை. சென்னையில் எல்கேஜி முதல் ஆங்கிலவழியில் படித்தவர்களிலும் பலர் இதே பகரத்தைத்தான் பேசுகிறார்கள். அவர்களுக்கு வேகமும் துணிச்சலும் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

காரணம் தமிழின் அமைப்பில் இருக்கிறது. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே எழுத்து. ஆனால் முதல் 'ப' வேறு, மகரத்துக்குப் பின் வரும் 'ப' வேறு. முதலாவதில் தொண்டை அதிர்வதில்லை, இரண்டாவதில் அதிர்கிறது. 'தந்தம்', 'கங்கணம்' ஆகியவற்றிலும் அப்படியே. எந்த இடத்தில் எது வரும் என்பதைத் தமிழில் இடமே தீர்மானித்துவிடுகிறது. அதனால் ஓர் எழுத்தே போதும் என்று நம் மொழி வைத்துக்கொண்டது. இது சிக்கனம், குறையன்று. ஆனால் ஆங்கிலம் அந்த இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பொருளை மாற்றுகிறது. நம் காது அங்கே தடுமாறுகிறது.

ஆக, இரண்டு ஒலிகளும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மாநகரப் பேருந்தில் 'பஸ் பாஸ்' என்று சொல்லும் சென்னைவாசி எவரும் முதல் 'ப'வையும் இரண்டாம் 'ப'வையும் ஒன்றாகச் சொல்வதில்லை. நீங்களும் சொல்வதில்லை. ஆயிரம் முறை காதால் கேட்டுப் பழகிய சொற்களில் வருவது, எழுத்தைப் பார்த்துப் படித்த சொற்களில் வரவில்லை.

ஒலி மாறினால் பொருள் மாறும் என்ற பாடம் உங்களுக்குப் புதியதும் அன்று. இலை, இளை, இழை, மனம், மணம், கொல்லை, கொள்ளை என்று மயங்கொலிச் சொற்களை ஆசிரியர் சொல்லக் கேட்டு எழுதியவர்தானே நீங்கள்? அங்கே முதலில் வேலை செய்தது காது. பயிற்சி மையம் செய்த பிழை, காதைத் தாண்டிவிட்டு நேராக வாய்க்குப் போனதுதான்.

முதலில் காது

பிறந்த குழந்தை எந்த மொழியின் நுண்ணிய ஒலி வேறுபாட்டையும் பிரித்தறியும். ஒரு வயது நெருங்கும்போது, தன் வீட்டு மொழிக்குத் தேவையானவற்றில் கவனத்தைக் குவித்து மற்றவற்றை விட்டுவிடத் தொடங்கும். வளர்ந்த பிறகு அதை மீட்க முடியாது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1991இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஆங்கில ரகரத்தையும் லகரத்தையும் பிரிக்க முடியாத ஜப்பானியர்களுக்குப் பல குரல்களில் சொல் ஜோடிகளைக் கேட்கவைத்து, எது எது என்று தேர்ந்தெடுக்கச் சொல்லி, உடனுக்குடன் சரி தவறு காட்டினார்கள். சில வாரங்களில் காது தெளிந்தது. 1997இல் வெளியான தொடர் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: கேட்கும் பயிற்சி மட்டுமே பெற்றவர்களின் உச்சரிப்பும் மேம்பட்டிருந்தது. கண்ணாடியை ஒதுக்கி வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. நோட்டில் தமிழ் எழுத்துகளை அடித்துவிட்டுப் படம் வரையுங்கள். ஒரு பக்கம் மாத்திரை, மறுபக்கம் ரசீது, முதுகு, பை, பனிக்கட்டி, கண்கள். மகனை வரையச் சொன்னால் அவனுக்கும் விளையாட்டாக இருக்கும். கேம்பிரிட்ஜ் போன்ற இணைய அகராதிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் பிரிட்டிஷ் குரலும் அமெரிக்கக் குரலும் இருக்கின்றன. அவற்றோடு, ஆங்கிலத்தை நன்றாகப் பேசும் சக ஊழியர்கள் இரண்டு மூன்று பேரின் குரலையும் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கேளுங்கள், படத்தைத் தொடுங்கள், சரியா என்று பாருங்கள். ஒரே குரலில் பழகினால் அந்தக் குரல்தான் மனப்பாடமாகும், ஒலி ஆகாது. ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம்; நாளைக்குக் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என இரண்டு தடவை போதும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு இரவில் இரண்டு மணி நேரம் விழிப்பது உங்கள் உடம்புக்கும் நல்லதன்று, காதுக்கும் பயன்படாது.

பத்துக்கு எட்டு முறை சரியாகத் தொடும்வரை அந்த ஜோடியை வாயால் சொல்லாதீர்கள்.

பிறகு வாய்: பஞ்சும் மாத்திரையும்

தமிழ் 'ப'வைச் சொல்லும்போது மூச்சு தனியாக வெடித்து வெளிவருவதில்லை. ஆங்கிலேயர் மாத்திரை என்ற சொல்லைத் தொடங்கும்போது உதட்டிலிருந்து ஒரு சிறு காற்று வெடிக்கிறது. அந்தக் காற்று இல்லாவிட்டால் அவர் காதில் ரசீது என்றே விழும். நீங்கள் தவறாகச் சொல்கிறீர்கள் என்பதைவிட, உங்கள் 'ப' அவருடைய இரண்டு ஒலிகளுக்கும் நடுவில் நிற்கிறது என்று சொல்வது சரி.

ஊசி போடும் முன் துடைக்கும் பஞ்சிலிருந்து ஒரு மெல்லிய பிசிறை எடுத்து உள்ளங்கையில் வைத்து, உதட்டுக்கு நேரே நான்கு விரற்கடை தூரத்தில் பிடியுங்கள். மாத்திரையைச் சொல்லும்போது பிசிறு அசைய வேண்டும். ரசீதைச் சொல்லும்போது பெரிதாக அசையக் கூடாது. ரசீதுக்கு இன்னொரு வழி: 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே பம்பரத்தின் இரண்டாம் 'ப'வுக்கு வாருங்கள், 'ம்ம்ம்பில்'. விரலைக் குரல்வளைமேல் வைத்தால் அதிர்வு தெரியும். பிறகு அந்த மகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எடுத்துவிடுங்கள். அதிர்வு நிற்கக் கூடாது. குளிரைக் குறிக்கும் சொல்லுக்கும் தங்கத்தைக் குறிக்கும் சொல்லுக்கும், 'முயற்சி செய்' என்பதற்கும் 'உலர்ந்த' என்பதற்கும் இதே வழி.

முதுகும் பையும் வேறு வகை. வேறுபாடு கடைசி ஒலியில் இருப்பதாக ஆங்கில எழுத்து காட்டும். ஆனால் காது பெரிதும் நம்புவது அதற்கு முன்னால் இருக்கும் உயிரின் நீளத்தை. பையில் உயிர் நீள்கிறது. முதுகில் சட்டென்று வெட்டுப்படுகிறது. கண்கள், பனிக்கட்டி ஜோடியும் அப்படித்தான்: கண்களில் உயிர் நீண்டு, கடைசியில் வண்டு முரல்வதுபோல் ஓர் அதிர்வு, பனிக்கட்டியில் உயிர் சுருங்கி, வெறும் காற்று. நீளத்தை அளக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று வைத்து, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று எண்ணிய இலக்கணம் நம்முடையது. அந்தக் காதைக் கொண்டு கேளுங்கள்.

இதில் ஒரு தமிழ்ப் பழக்கத்தை மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். வல்லினத்தில் சொல்லை முடிக்க நம் வாய் விரும்புவதில்லை; பின்னால் ஒரு குற்றியலுகரத்தைச் சேர்த்து 'பேக்கு' என்று ஆக்கிவிடுகிறது. வெள்ளைக்காரக் காதுக்கு அது இன்னொரு அசையாகக் கேட்கும். கடைசி ஒலியில் நாக்கைப் பொருத்தி, விடுவிக்காமல் அப்படியே நிறுத்திப் பாருங்கள்.

எல்லா ஜோடியும் உங்களுக்குத் தேவையில்லை. கப்பல், செம்மறியாடு ஜோடிக்கு நீங்கள் ஒரு மாதம் செலவழித்திருக்கிறீர்கள். இகரமும் ஈகாரமும் தமிழில் பிரிந்தே இருப்பதால் அது உங்களுக்கு ஏற்கெனவே வருகிறது, விட்டுவிடுங்கள். 'மெல்லிய' என்ற சொல்லின் தொடக்கத்தில் நாக்கைப் பல்லுக்கிடையே நீட்டி ஊதும் ஒலிக்காகவும் மனம் நோக வேண்டாம். அதற்குப் பதில் நம் தகரம் வந்தாலும் பெரும்பாலும் பொருள் புரிந்துவிடுகிறது. போதாததற்கு, 'அது', 'கதை' ஆகியவற்றின் நடுவில் நாம் சொல்லும் மெல்லிய தகரம், ஆங்கிலத்தில் 'இது', 'அந்த' என்று பொருள்படும் சொற்களின் முதல் ஒலிக்கு மிக அருகில் இருக்கிறது. வார்டில் நோயாளியின் உடம்பைத் தொடும் ஜோடிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: காயத்தை 'வாஷ்' செய்வதும் 'வாட்ச்' செய்வதும் ஒன்றாகக் கேட்கலாமா? அப்படி எட்டு ஜோடிகள் போதும்.

இன்றே மாற்ற வேண்டியது

பதினைந்து, ஐம்பது விஷயம் பயிற்சிக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் பிரிப்பது எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்பது. 15இல் கடைசி அசை ஓங்கி நீளும், 50இல் முதல் அசை ஓங்கும். ஆங்கிலேயர்களே போனில் இதில் தடுமாறுவார்கள். ஆகவே எண்ணைச் சொன்ன உடனே இலக்கங்களைத் தனித்தனியாகச் சொல்லுங்கள்: 'ஒன், ஃபைவ்', 'ஃபைவ், ஸீரோ'. மறுமுனையில் இருப்பவரைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். மருந்துப் பெயருக்கும் இதே முறைதான். ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசினும் அரிப்புக்கான ஹைட்ராக்சிசினும் எவர் வாயிலும் ஒன்றுபோல் ஒலிக்கும். ஒலியில் ஒத்த மருந்துப் பெயர்களின் ஆபத்து, 2007இல் உலக சுகாதார அமைப்பின் சார்பில் வெளியான 9 நோயாளிப் பாதுகாப்பு வழிமுறைகளில் முதலாவதாகவே இடம்பெற்றது. அன்று அந்த டாக்டர் திரும்பக் கேட்டது உங்கள் ஆங்கிலத்தின் மீதான ஏளனம் அன்று. அவர் தம் கடமையைச் செய்தார். நீங்களும் அப்படியே கேளுங்கள். போனை எடுங்கள்.

தேர்வும் பணமும்

லண்டன்காரர்போல் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஓஇடி அதைக் கேட்பதில்லை. சிரமமில்லாமல் புரிகிறதா என்பதுதான் அளவுகோல்; தாய்மொழிச் சாயல் இருப்பதற்காக மட்டும் மதிப்பெண் குறையாது. எதிரில் நோயாளியாக நடிப்பவர் உங்களுக்கு மதிப்பெண் போடுவதில்லை. பேச்சு பதிவாகி, பிறகு வேறு மதிப்பீட்டாளர்கள் அதைக் கேட்டு மதிப்பிடுகிறார்கள். உங்கள் முகத்தில் இருக்கும் கனிவும் கையசைவும் அவர்களுக்குத் தெரியாது. ஒலி மட்டுமே போய்ச் சேரும். ஆகவே தனிச் சொல்லோடு நிற்காமல், வார்டில் தினமும் பேசும் வாக்கியங்களுக்குள் அந்த எட்டு ஜோடிகளையும் கொண்டுவந்து போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். உடனே கேட்டால் நாம் சொல்ல நினைத்ததுதான் நமக்குக் கேட்கும்.

ஐஇஎல்டிஎஸ் என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வுக்கு மாறலாமா என்கிறீர்கள். மாறினால் தேறிய மூன்று பிரிவுகளையும் சேர்த்து மறுபடி முழுத் தேர்வு எழுத வேண்டிவரும். இரண்டு முறை எழுதிய ஓஇடி மதிப்பெண்களை ஒரு கால எல்லைக்குள் சேர்த்து ஏற்கும் விதி பிரிட்டிஷ் நர்சிங் கவுன்சிலில் இருக்கிறது. உங்களுக்கு அந்த எல்லை எந்தத் தேதியில் முடிகிறது என்பதை அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டுத் தேர்வு நாளை முடிவு செய்யுங்கள். என் யோசனை, எட்டு வாரம் பயிற்சி. அதற்கு முன் பணம் கட்ட வேண்டாம். நேரில் உதவி வேண்டுமென்றால் பேச்சு, செவித்திறன் பட்டம் பெற்றவரிடம் செல்லுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்குப் பதிவு தேவை. நான்கைந்து அமர்வுகளில் உங்கள் பிழைகளை வகைப்படுத்திக் கொடுத்துவிடுவார்.

பயிற்சி மையம் 'தேர்ச்சி உறுதி' என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துண்டறிக்கையையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. முழுத் தொகையும் வரும் என்று எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள். பயிற்சி அதற்காக நிற்க வேண்டாம்.

எட்டாவது வாரம், உங்களோடு பழகாத மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவராவது தமிழ் தெரியாதவராக இருக்கட்டும். மகன் வரைந்த படங்களை அவர்கள் முன் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொற்களைச் சொல்லுங்கள். மூவரில் இருவர் பத்துக்கு ஒன்பது படங்களைச் சரியாகத் தொட்டால், அன்றே தேர்வுக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள்.